காட்டில் வழி தப்பினால்



மலையேறுவதிலும் காட்டு வழிகளில் நடப்பதிலும் இளைஞர்களுக்கு ஆர்வம் பெருகி வருகிறது. விடுமுறை நாளில் நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ சென்று, பேருந்துச் சாலையை விட்டு விலகி, சோலைகளுக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்னும் ஆவல் நல்ல ஆவலே. உடலுக்கு உரமும் உள்ளத்துக்கு விரிவும் தருவது அது. பல ஆண்டுகளாக மாணவர்களோடு மலைவழிகளில் நடந்து வருபவன் நான். புறப்படுவதற்கு முன் அவர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் வினா ஒன்று உண்டு. 'காட்டில் ஆபத்து நேர்ந்தால் பிழைப்பதற்கு எதை எடுத்துச் செல்ல வேண்டும்?' என்பதே அது. கத்தியும் கயிறும் வேறு பல கருவிகளும் அடங்கிய பெட்டிகள் இதற்கென்றே கடைகளில் விற்கப்படுகின்றன. அவற்றுள் எதை வாங்கலாம் என்று அறிவதே அவர்களுடைய நோக்கம்.

இவ்வினாவுக்கு நேரே விடை கூற நான் விரும்புவதில்லை. காட்டில் மனிதன் எவற்றால் உயிரிழக்கிறான், எவற்றால் பிழைக்கிறான் என்பதை முதலில் அறிந்துகொண்டால், பையில் எதை வைப்பது என்பது தானே விளங்கும். ஆகவே, உண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியை முதலில் சொல்கிறேன்.

1971ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள், தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டில், 92 பேரை ஏற்றிச் சென்ற விமானம் ஒன்று அமேசான் காட்டுக்கு மேலே மின்னல் தாக்கிச் சிதறியது. தன் தாயுடன் அதில் பயணம் செய்த ஜூலியானே கோப்கே என்னும் 17 வயது மாணவி, இருக்கையோடு பிணைக்கப்பட்டவளாய், ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் உயரத்திலிருந்து காட்டுக்குள் வீழ்ந்தாள். 92 பேருள் உயிரோடு மீண்டவள் அவள் ஒருத்தியே. அவளுடைய காறையெலும்பு முறிந்திருந்தது. மூக்குக் கண்ணாடி தொலைந்துவிட்டது. காலில் ஒற்றைச் செருப்பே எஞ்சியிருந்தது. கையில் கிடைத்த உணவு ஒரு பை மிட்டாய். கத்தி இல்லை, தீப்பெட்டி இல்லை, திசைகாட்டியும் இல்லை.

எனினும் அவளிடம் ஒரு செல்வம் இருந்தது. அவளுடைய பெற்றோர் இருவரும் விலங்கியல் அறிஞர்கள். அக்காட்டிலேயே ஆராய்ச்சி நிலையம் அமைத்து வாழ்ந்தவர்கள். அங்கே அவளும் ஒன்றரை ஆண்டுக் காலம் வாழ்ந்திருந்தாள். சிற்றோடை பேரோடையில் சேரும், பேரோடை ஆற்றில் சேரும், ஆற்றங்கரையில் மனிதர் இருப்பர் என்று தந்தை கற்பித்தது அவள் நினைவில் நின்றது. நீரோசை கேட்ட திசையில் சென்று, ஓடையைத் தொடர்ந்து நடந்தாள், நீந்தினாள். பத்தாம் நாள் ஒரு படகையும் குடிசையையும் கண்டாள். கையிலிருந்த புண்ணில் புழுக்கள் வைத்திருந்தன. தந்தை தம் நாய்க்குச் செய்த வைத்தியம் நினைவுக்கு வர, படகிலிருந்த பெட்ரோலை அப்புண்ணில் ஊற்றினாள். மறுநாள் அங்கு வந்த காட்டுத் தொழிலாளர் அவளைக் காப்பாற்றினர். பிற்காலத்தில் அவர் வௌவால்களை ஆராயும் உயிரியல் அறிஞரானார்.

அண்மைக் காலத்திலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி நடந்தது. 2023ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் கொலம்பியா நாட்டுக் காட்டில் சிறு விமானம் ஒன்று விழுந்து, அதில் இருந்த பெரியவர்கள் அனைவரும் மாண்டனர். பழங்குடியைச் சேர்ந்த நான்கு உடன்பிறந்த குழந்தைகள் மட்டும் எஞ்சினர். மூத்தவளுக்கு வயது 13. கடைசிக் குழந்தைக்கு ஓராண்டு கூட நிறையவில்லை. விமானத்திலிருந்த மரவள்ளி மாவை முதலில் உண்டனர். அது தீர்ந்தபின், எந்தப் பழம் உண்ணத்தக்கது என்று வீட்டுப் பெரியோரிடம் கற்றிருந்த அறிவே அவர்களைக் காத்தது. 40 நாள்களுக்குப் பிறகு நால்வரும் உயிரோடு கண்டெடுக்கப்பட்டனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளிலிருந்தும் ஓர் உண்மை புலப்படும். பை தொலைந்துபோகலாம், கருவி உடைந்துபோகலாம். கற்றறிந்தது மட்டும் கூடவே வரும். ஆனால் அவ்வறிவும் அந்தந்த நிலத்துக்கு உரியது என்பதை மறத்தலாகாது. ஓடையைத் தொடர்ந்து சென்றால் ஊர் வரும் என்பது அமேசானின் சமநிலத்துக்குப் பொருந்திய விதி. அதையே மேற்குத் தொடர்ச்சி மலையில் பின்பற்றினால், ஓடை நம்மை ஓர் அருவியின் விளிம்புக்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். வழுக்குப் பாறையில் கால் தவறினால் மீட்சியில்லை. ஆதலால் செல்லும் காட்டின் இயல்பைக் கேட்டறிந்து செல்வதே முதற்பாடம். அவ்வூர் வனக்காவலரும் அம்மலையில் வாழும் பழங்குடியினரும் கூறும் ஒரு சொல், நூறு பக்க நூலினும் பயன் தருவது.

இனி, மனித உடலுக்கு எது எவ்வளவு விரைவில் தேவைப்படுகிறது என்று பார்ப்போம். மூச்சின்றி மூன்று நிமிடம், கடுங்குளிரில் காப்பின்றி மூன்று மணி நேரம், நீரின்றி மூன்று நாள், உணவின்றி மூன்று வாரம் என்று மலையேறுவோரிடையே ஒரு கணக்கு வழங்குகிறது. இது துல்லியமான அளவு அன்று. வரிசையை நினைவில் வைப்பதற்கான வாய்பாடு. ஆயினும் அவ்வரிசை மிக முக்கியமானது. வழி தப்பியவுடன் பெரும்பாலோர் உணவைப் பற்றியே கவலை கொள்கின்றனர். உணவோ வரிசையில் கடைசியாக நிற்கிறது. குளிரும் தாகமும் அதற்கு முன்னே வந்து நிற்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் முன்னே வருவது பதற்றம். பதற்றத்தால் ஓடுகிறவன் ஒரு மணி நேரத்தில் காலை முறித்துக்கொள்வான். அல்லது தேடுவோர் எதிர்பாராத பள்ளத்தாக்கில் இறங்கிவிடுவான்.

ஆகையால் கற்க வேண்டிய முதல் திறமை நிற்பது. நில், நினை, நோக்கு, திட்டமிடு என்னும் நான்கு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வழி தவறியதாக ஐயம் தோன்றிய அக்கணமே நில்லுங்கள். உட்கார்ந்து இரண்டு வாய் தண்ணீர் குடியுங்கள். கடைசியாக நன்கு அறிந்த இடம் எது, அங்கிருந்து எவ்வளவு நேரம் நடந்தோம் என்று நினைவுகூருங்கள். பொழுது எவ்வளவு மீதமிருக்கிறது, மேகம் கூடுகிறதா என்று நோக்குங்கள். வந்த வழி ஐயமின்றித் தெரிந்தால் மட்டும் திரும்புங்கள். தெரியாவிட்டால் இருந்த இடத்திலேயே இருங்கள். நிற்பவனைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிது. அலைபவனைக் கண்டுபிடிப்பது அரிது.

ஆனால் உங்களை ஒருவர் தேட வேண்டுமாயின், நீங்கள் சென்றிருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எந்த வழியாக எங்கே செல்கிறோம், உடன் வருவோர் யார், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்நேரத்துக்குள் திரும்பாவிட்டால் யாருக்குச் செய்தி சொல்ல வேண்டும் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி வீட்டிலோ விடுதியிலோ கொடுத்துச் செல்லுங்கள். உயிர் காக்கும் சாதனங்களில் இதனினும் எடை குறைந்தது வேறொன்றில்லை. இதை விலை கொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை.

அடுத்தது குளிர். தமிழ்நாட்டில் குளிரால் உயிருக்கு ஆபத்தா என்று சிலர் வியப்பதுண்டு. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஆறு பாகை வெப்பம் குறைகிறது. சமவெளியில் 30 பாகை இருக்கும் நாளில், இரண்டாயிரம் மீட்டர் உயரமுள்ள மலையில் 18 பாகைதான் இருக்கும். இரவில் இன்னும் தணியும். அந்நிலையில் மழையும் காற்றும் சேர்ந்தால் உடல் விரைவில் வெப்பத்தை இழக்கும். காற்றைவிட நீர் வெப்பத்தைப் பன்மடங்கு வேகமாகக் கடத்துவதே இதற்குக் காரணம். நனைந்த பருத்தி ஆடை உடலை ஒட்டிக்கொண்டு வெப்பத்தை உறிஞ்சியவாறே இருக்கும். நடுக்கம், தடுமாற்றம், நாக்குழறல், பிறகு எதிலும் அக்கறையின்மை என்ற வரிசையில் குளிர் மனிதனை ஆட்கொள்கிறது. அக்கறையின்மை வந்தபின் தன்னைத்தான் காத்துக்கொள்ள அவனால் இயலாது. எனவே, நனைவதற்கு முன்னரே காப்பிடம் தேட வேண்டும்.

காப்பிடம் என்றதும் குடிசை கட்ட முனைய வேண்டாம். காற்று வீசாத ஒரு பாறையின் மறைவு போதும். ஓடைக் கரையையும் விலங்குகள் நீர் அருந்த வரும் தடத்தையும் விட்டு விலகியிருங்கள்; மலையில் பெய்யும் மழை ஓடையில் திடீரென்று வெள்ளமாய் வரும். உடலின் வெப்பம் பெரிதும் தரை வழியாகவே கழிந்துவிடுவதால், மேலே போர்த்துவதற்கு முன் கீழே பரப்ப வேண்டும். பாம்பும் தேளும் இல்லை என்பதைக் கோலால் கிளறிப் பார்த்து, உலர்ந்த சருகையும் புல்லையும் ஒரு முழ உயரம் குவித்து, அதன்மேல் அமருங்கள்.

தாகத்தைப் பொறுத்தவரை, தெளிந்த நீர் எல்லாம் தூய நீர் என்று எண்ணுதல் தவறு. துண்டினால் வடிகட்டுவது தூசியை நீக்கும்; நோய்க்கிருமியை நீக்காது. நன்கு தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடமும், இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடமும் கொதிக்கவிட்டால் நீர் குடிக்கத் தக்கதாகும். குளோரின் மாத்திரை இருந்தால் அதை இட்டு அரை மணி நேரம் பொறுத்துக் குடிக்கலாம். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக வேண்டும். கரண்டி கோபுரமாக இல்லாமல் தட்டையாக இருத்தல் அவசியம்.

உணவைப் பற்றி நான் சொல்வது ஒன்றே. பெயர் தெரியாத கனியையும் கிழங்கையும் தொடாதீர்கள். நம் மாநில மலரான செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் செல்லும் மலர்களில் முதலில் நிற்பது அது. கண்ணைக் கவரும் அச்செடியின் கிழங்கு உயிரைப் போக்கும் நஞ்சு. குரங்கு தின்கிறது, பறவை தின்கிறது, ஆகவே நாமும் தின்னலாம் என்ற கணக்கும் உதவாது. ஓரிரு நாள் பசி யாரையும் கொல்வதில்லை. ஒரு வாய் நஞ்சு கொன்றுவிடும்.

பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறுவதும், வாய்வைத்து உறிஞ்சுவதும், கயிற்றால் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, கடிபட்டவரை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, மருத்துவமனைக்கு விரைய வேண்டும். நஞ்சுமுறிவு மருந்து ஒன்றே அதற்கு மருந்து. சென்னைக்கு அருகே 1978இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து அம்மருந்து செய்யப்படுகிறது என்பது நாம் நன்றியுடன் நினைக்கத்தக்கது.

இப்போது தீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள், தேனி மாவட்டத்தில், கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கி இறங்கிய மலைநடைக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பலர் உங்களைவிடச் சில ஆண்டுகளே மூத்தவர்கள். அத்துயரத்தை நாம் வெறும் செய்தியாக மறந்துவிடலாகாது. தீ எவ்வாறு நடக்கிறது என்பதைக் கற்பதே அவர்களுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை.

தீ மேட்டை நோக்கி வேகமாக ஏறும். சரிவில் எரியும்போது அதன் நாக்கு மேலேயுள்ள புல்லுக்கு மிக அருகில் சாய்கிறது. சூடான காற்றும் மேலே எழுந்து அப்புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. சரிவு செங்குத்தாக ஆக ஆகத் தீயின் வேகம் மிகும். மனிதனின் வேகமோ குறையும். ஆகவே தீக்கு மேலே, சரிவில் ஏறி ஓடுவது பெரும்பாலும் தோற்கும் பந்தயம். தீயின் போக்கிலிருந்து பக்கவாட்டில் விலகி, புல்லற்ற பாறைப் பரப்பையோ, நீரோடையையோ, முன்பே எரிந்து கருகிய தரையையோ அடைய வேண்டும்.

எரிந்த தரை எவ்வாறு காக்கும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில், மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில், தீயணைக்கச் சென்ற 16 பேரைப் புல்தீ துரத்தியது. அவர்களின் தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்தார். அது எரிந்து தீர்ந்த சாம்பலின்மேல் முகம் புதைத்துப் படுத்தார். பெருந்தீ அவரைச் சுற்றிக்கொண்டு போயிற்று. மற்றவர்களையும் அவர் அழைத்தார். அவர்களுக்கு அச்செயல் விளங்கவில்லை. 13 பேர் மாண்டனர். பயிற்சியில்லாதவர் அவர் செய்ததைச் செய்து பார்க்கத் துணியலாகாது. எரிந்த இடம் மீண்டும் எரியாது என்ற சிறு உண்மை ஓர் உயிரின் விலை பெறும் என்பதற்காகவே இதைக் கூறினேன். அதைவிடச் சிறந்தது, தீ அபாயம் மிகுந்த வறண்ட மாதங்களில் காட்டுக்குள் செல்லாதிருத்தல். வனத்துறையின் அனுமதி பெற்று, அது வகுத்த வழியில், வழிகாட்டியோடு மட்டுமே செல்லுங்கள். அவ்விதி உங்கள் மகிழ்ச்சிக்குத் தடையாக ஏற்பட்டது அன்று.

இவ்வளவும் கற்றபின் பெட்டிக்கு வருவோம். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 1906இல் தோன்றிய 'மவுண்டனியர்ஸ்' என்னும் மலையேறுவோர் சங்கம், 1930களில் தன் பயிற்சி மாணவர்களுக்குப் பத்துப் பொருள்கள் கொண்ட பட்டியல் ஒன்றை வகுத்தது. நிலப்படம், திசைகாட்டி, மாற்றுடை, விளக்கு, கத்தி, தீப்பெட்டி முதலியன அதில் அடங்கும். நம் நாட்டுக்கேற்ப நான் மாணவர்களுக்குச் சொல்லும் பட்டியல் இன்னும் சிறியது. அதன் எடை முழுவதும் ஒரு கிலோவைத் தாண்டாது.

மூடியுள்ள சிறிய எவர்சில்வர் தூக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவே பெட்டி, நீர் கொதிக்க வைக்கும் பாத்திரமும் அதுவே. அதனுள் ஒரு விசில் வையுங்கள். கத்தினால் தொண்டை கட்டிவிடும். விசிலை மணிக்கணக்கில் ஊதலாம். மூன்று முறை ஊதி, சற்று நிறுத்தி, மீண்டும் மூன்று முறை ஊதுவது உதவி கேட்கும் குறியாகப் பல நாடுகளில் கொள்ளப்படுகிறது. அடுத்து, ஆளை மூடத்தக்க பெரிய பாலிதீன் பை ஒன்று; தலைக்கு மட்டும் துளையிட்டு அணிந்தால் அது மழைச்சட்டை ஆகும். அலுமினியப் பூச்சுள்ள மெல்லிய அவசரப் போர்வை கைக்குட்டை அளவுக்கு மடியும். அது உடலின் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்புவது. தரைக் குளிரைத் தடுக்காது. அதற்குச் சருகுதான் வேண்டும். பிறகு தீப்பெட்டி, அதனுடன் சில கற்பூர வில்லைகள். ஈரச் சுள்ளியையும் பற்றவைக்க உதவும் பொருள் நம் பூசையறையிலேயே இருக்கிறது. திறந்து வைத்தால் கற்பூரம் காற்றில் கரைந்துவிடுமாதலால், இரண்டையும் இறுக மூடிய டப்பியில் வையுங்கள். காட்டில் நெருப்பு மூட்டுவது விதிப்படி தடுக்கப்பட்டது. உயிர் காக்க நேர்ந்தால் மட்டும், சுற்றிலும் சருகை அகற்றிய வெற்றுத் தரையில் மூட்டி, நீரூற்றி அணைக்க வேண்டும்.

சிறு கத்தி, டார்ச் விளக்கு, ஐந்தாறு மீட்டர் நைலான் கயிறு, குளோரின் மாத்திரை, உப்புச் சர்க்கரைப் பொட்டலம், காயத்துக்குக் கட்டுத்துணி, இரண்டு ஊக்கு, கொஞ்சம் கடலை மிட்டாய் ஆகியவற்றோடு தூக்கு நிறைந்துவிடும். தோளில் ஒரு பருத்தித் துண்டு இருக்கட்டும். வெயிலுக்குத் தலைப்பாகை, முறிந்த கைக்குத் தொட்டில், நீருக்கு வடிகட்டி, தொலைவிலிருப்போர்க்குக் கொடி என்று அது செய்யும் வேலைகள் பல.

கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். நல்ல துணைதான். தொடர்பு கிடைக்கும் இடத்தில் 112 என்னும் அவசர எண்ணை அழைக்கலாம். தொடர்பு இல்லாத இடத்திலும், செயற்கைக்கோள்களின் குறிகளைப் பெற்று அது இருப்பிடத்தைக் காட்டும். அதற்குரிய நிலப்படத்தை முன்பே சேமித்து வைத்திருக்க வேண்டும். ஆயினும் மலையில் அலைவரிசையைத் தேடித்தேடியே அதன் மின்கலம் தீர்ந்துவிடும். ஆதலால் தேவையற்ற நேரத்தில் அதை அணைத்து வையுங்கள். வெளிநாட்டார் எடுத்துச் செல்லும் செயற்கைக்கோள் தொலைபேசியை நம் நாட்டில் அரசின் அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம் என்பதையும் அறிந்திருங்கள்.

எந்தப் பொருளை வாங்கினாலும் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இது ஒன்றுக்கு மேற்பட்ட வேலை செய்யுமா? இருட்டில், நனைந்து நடுங்கும் கையால் இதைப் பயன்படுத்த என்னால் இயலுமா? இதை நான் ஒரு முறையேனும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேனா? மூன்றாம் கேள்வியே முதன்மையானது. உறை பிரிக்காத கருவி, படிக்காத புத்தகத்தைப் போன்றது. வீட்டு முற்றத்தில் பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, மழைபெய்து ஓய்ந்த மாலையில் மூன்றே தீக்குச்சிகளால் அடுப்பு மூட்டி ஒரு குவளை நீரைக் கொதிக்க வைத்துப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, பெட்டியிலிருந்து விசிலை மட்டும் எடுத்துப் பாருங்கள். ஊரைச் சுற்றியுள்ள பத்து மரங்களின் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். இவை விளையாட்டாகவே தொடங்கும். பழகப் பழக அறிவாக ஊறும்.

ஆபத்து வரும் என்று அஞ்சி மலைக்குப் போகாமலிருங்கள் என்று நான் சொல்லவில்லை. அறியாதவனுக்கே காடு அச்சம் தருவது. அறிந்து, அடங்கி, முறையோடு செல்பவனுக்கு அது ஒரு பள்ளிக்கூடம். அடுத்த விடுமுறைக்குப் புறப்படுமுன் கடைக்குப் போவதை ஒரு நாள் தள்ளிவைத்து, அந்நாளில் மேற்சொன்னவற்றுள் ஒன்றையேனும் பழகிப் பாருங்கள். போகும் இடத்தை எழுதிய தாளை வீட்டில் கொடுத்துவிட்டு, மகிழ்ச்சியோடு சென்று வாருங்கள்.